கடைசல்காரர் பெபெல்

கேள்வி கேட்டவர் மூணு விஷயத்தை ஒண்ணாக் கேட்டிருக்காரு. "பெண்ணும் சோசலிசமும்" எழுதின ஆகஸ்ட் பெபெல் யாரு, மார்க்ஸ் மாதிரி சிந்தனையாளரா இல்ல சும்மா ஒரு அரசியல்வாதியா, அப்புறம் அவரு 1914ல உயிரோட இருந்திருந்தா ஜெர்மன் சோசலிஸ்டுகள் உலகப்போருக்கு ஓட்டுப் போட்டிருக்கவே மாட்டாங்கன்னு சொல்றாங்களே அது நிஜமா. மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லணும்னா மனுஷனோட முழு வாழ்க்கையையும் சொல்லித்தான் ஆகணும், அதனால கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு. பெபெல் சிந்தனையாளர் கிடையாது, அவரே அப்படிச் சொல்லிக்கிட்டதும் இல்ல. அவரு தொழிலால கடைசல்காரர். லேத்துல மரமும் கொம்பும் கடையறவரு. எருமைக் கொம்புல கதவுக்கும் ஜன்னலுக்கும் கைப்பிடி செஞ்சு வித்தவரு. கொம்பைக் கடையும்போது முடி பொசுங்குற மாதிரி ஒரு நாத்தம் வரும், பட்டறை பக்கம் போனவங்களுக்குத் தெரியும், அந்த நாத்தத்துல உக்காந்து வேலை பாத்துக்கிட்டே நாடாளுமன்றத்துக்குப் போய் ஜெர்மன் அரசாங்கத்தோட தலைவரா இருந்த பிஸ்மார்க்கை எதுத்துப் பேசிட்டு வந்த ஆளு. அவரைப் புரிஞ்சுக்க இந்தத் தொழில்தான் சாவின்னு எனக்குத் தோணும், ஏன்னு போகப்போகச் சொல்றேன்.

பிறந்தது 1840 பிப்ரவரி 22, கொலோன் நகரத்துக்கு எதிர்க்கரையில டாய்ட்ஸ்ங்கிற இடத்துல, ஒரு ராணுவக் கோட்டையோட குடியிருப்புக்குள்ள. அப்பா பிரஷ்ய ராணுவத்துல (பிரஷ்யாங்கிறது அப்ப இருந்த ஜெர்மன் அரசுகள்ல ஒண்ணு) கீழ்நிலை அதிகாரி, அதாவது துப்பாக்கி தூக்குறவங்களுக்கு ஒருபடி மேல, சம்பளம் வயித்துக்கே பத்தாது. 1844ல காசநோய்ல போயிட்டாரு. அம்மா என்ன பண்ணாங்கன்னா அப்பாவோட ரெட்டைப்பிறவி சகோதரனையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அவரு பிராவ்வைலர்ங்கிற ஊர்ல ஒரு சிறைக்காவலர், அவரும் 1846ல போயிட்டாரு. பிறகு அம்மா தன் சொந்த ஊரான வெட்ஸ்லாருக்குப் பசங்களோட வந்து கையுறை தைச்சுப் பொழைச்சாங்க, 1853ல அவங்களும் காசநோய்லயே. பதிமூணு வயசுல அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்ல. பையனுக்குச் சுரங்கப் பொறியியல் படிக்கணும்னு ஆசை, காசு எங்க இருக்கு, கடைசல் பட்டறையில தொழில் கத்துக்க விட்டுட்டாங்க. ராணுவக் குடியிருப்புல பிறந்து சிறை வளாகத்துல வளர்ந்தவரு பின்னாடி அந்த ரெண்டு இடத்தையும் தான் வாழ்நாள் பூரா திட்டினாரு, ஒண்ணுல அவரே பல வருஷம் உள்ளயும் இருந்தாரு.

தொழில் முடிச்சதும் அந்தக் கால வழக்கப்படி 1858லேர்ந்து ஊர் ஊரா நடந்து வேலை தேடினாரு. தென் ஜெர்மனி, அப்புறம் ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க். இவரு புரொட்டஸ்டன்ட், ஆனா கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்துன தொழிலாளர் சங்கங்கள்ல போய்ச் சேர்ந்துக்கிட்டாரு, காரணம் ரொம்ப சிம்பிள், அங்க பேப்பர் படிக்கலாம், வயசுப் பசங்க கூட உக்காந்து பேசலாம். 1859ல ஆஸ்திரியா இத்தாலில சண்டை போட்டப்ப தொண்டரா ராணுவத்துல சேரப் பாத்தாரு, நடக்கல, பிரஷ்ய ராணுவமும் உடம்பு பத்தாதுன்னு திருப்பி அனுப்பிருச்சு. பிற்காலத்துல ஜெர்மன் ராணுவத்தோட முதல் எதிரின்னு பேர் எடுத்தவருக்கு ராணுவத்துல சேரணும்னு ஒரு காலத்துல ஆசை இருந்துச்சு, இதை மறக்காதீங்க, கடைசில திரும்ப வரும்.

1860ல லைப்சிக் வந்து சேர்ந்தாரு, அங்கதான் நிலைச்சாரு. அடுத்த வருஷம் தொழிலாளர் கல்விச் சங்கம் ஒண்ணுல சேர்ந்தாரு, இது அப்ப லிபரல் முதலாளிகளோட ஆதரவுல நடந்த சங்கம், கணக்கு, வரலாறு, பேச்சுப் பயிற்சின்னு சொல்லிக் கொடுப்பாங்க, அரசியல் மட்டும் பேசாதீங்கம்பாங்க. பெபெலும் அப்ப அதைத்தான் சரின்னு நினைச்சாரு. 1863ல ஃபெர்டினாண்ட் லஸ்ஸால் லைப்சிக்லயே தொழிலாளர்களுக்குன்னு தனிக் கட்சி தொடங்கினப்ப பெபெல் அந்தப் பக்கம் போகல, எதிர்ப்பக்கம்தான் நின்னாரு. இருவத்திமூணு வயசுல எல்லாம் புரிஞ்ச புரட்சியாளரா இருந்தாருன்னு சிலர் எழுதறது கதை. 1864ல சொந்தமாப் பட்டறை போட்டாரு, 1866ல யூலி ஓட்டோவைக் கல்யாணம் பண்ணாரு, தொப்பி அலங்கார வேலை பாத்த தொழிலாளி வீட்டுப் பொண்ணு. 1869ல ஒரே மக, ஃப்ரீடா.

அவரை மாத்தினது ரெண்டு பேரு. ஒருத்தர் வில்ஹெல்ம் லீப்க்னெக்ட், 1848 புரட்சியில கலந்துக்கிட்டு நாடு கடந்து லண்டன்ல மார்க்ஸ் வீட்டுக்குப் பக்கத்துலயே பல வருஷம் சுத்திட்டு வந்தவரு, 1865ல லைப்சிக் வந்தாரு. இன்னொருத்தர் பிஸ்மார்க்தான், 1866ல ஆஸ்திரியாவை அடிச்சு நொறுக்கி ஜெர்மனியை பிரஷ்யக் காலடில ஒண்ணு சேர்க்க ஆரம்பிச்சதும் நடுநிலையா இருக்குறதுக்கு எடமே இல்லாமப் போச்சு. பெபெலும் லீப்க்னெக்ட்டும் சேர்ந்து சாக்சன் மக்கள் கட்சி தொடங்கினாங்க, 1867 பிப்ரவரில கிளாவ்ஹாவ் மேரானெங்கிற நெசவாளர் தொகுதியில இருந்து பெபெல் வட ஜெர்மன் ரைக்ஸ்டாக்குக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்குத் தேர்வானாரு, வயசு 27 கூட முழுசா ஆகல. 1868ல நூரம்பெர்க் மாநாட்டுல தன் சங்கங்களையெல்லாம் மார்க்ஸோட முதல் அகிலத்தோட (பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோட கூட்டமைப்பு) கொள்கைப் பக்கம் திருப்பினாரு, 1869 ஆகஸ்ட்ல ஐசனாக் நகரத்துல சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி. இன்னிக்கும் ஜெர்மனியில இருக்குற எஸ்பிடி, அதாவது சமூக ஜனநாயகக் கட்சியோட ரெண்டு வேர்ல ஒண்ணு இது.

இதுக்கு நடுவுல ஒண்ணைக் கவனிக்கணும். அப்ப எம்பிக்களுக்குச் சம்பளமே கிடையாது. 1906 வரைக்கும் கிடையாது. பிஸ்மார்க் திட்டம் போட்டே வச்ச ஏற்பாடு, ஓட்டுரிமையை 25 வயசான எல்லா ஆம்பிளைக்கும் குடுத்துட்டு, ஜெயிச்சு வர்ற ஏழைக்குச் சாப்பாட்டுக்கு வழி இல்லாமப் பண்ணிட்டா அவன் எப்படி பெர்லின்ல உக்காருவான். பெபெல் உக்காந்தாரு, ஏன்னா பட்டறை இருந்துச்சு. அவரு இல்லாதப்ப யூலி பட்டறையைப் பாத்துக்கிட்டாங்க, ஆர்டர் எடுத்து, வேலைக்காரங்களுக்குக் கூலி குடுத்து, சரக்கு அனுப்பி. "பெண்ணும் சோசலிசமும்" புத்தகத்தைப் பத்திப் பேசறவங்க இந்த யூலியை ஏன் விட்டுட்டுப் போறாங்கன்னு தெரியல.

1870 ஜூலைல ஃபிரான்சோட போர். போருக்குப் பணம் ஒதுக்கற தீர்மானம் வந்தப்ப லீப்க்னெக்ட் எதிர்த்தே ஓட்டுப் போடணும்னாரு, பெபெல்தான் ஓட்டுப் போடாம ஒதுங்கலாம்னு அவரைச் சமாதானப்படுத்தினாரு. ஃபிரான்சோட சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனையும் ஆதரிக்க முடியாது, பிஸ்மார்க்கையும் ஆதரிக்க முடியாதுங்கிற நிலை. நாடே வெறி புடிச்சு ஆடுற நேரத்துல அதுவே பெரிய விஷயம். செடான்ல ஃபிரெஞ்சு ராணுவம் தோத்து சக்கரவர்த்தி பிடிபட்டதுக்கு அப்புறமும் போர் தொடர்ந்து, ஃபிரான்சோட அல்சாஸ் லொரைன் பகுதியை எடுத்துக்கணும்னு பேச்சு வந்ததும், ரெண்டு பேரும் அடுத்த நிதிக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. டிசம்பர்ல தேசத்துரோகம்னு கைது. உள்ள இருந்தபடியே 1871 மார்ச் தேர்தல்ல ஜெயிச்சாரு. புதுப் பேரரசோட முதல் ரைக்ஸ்டாக்ல அவரு கட்சிக்கு மொத்தமே ரெண்டு எம்பி.

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா 1871 மே 25 அன்னிக்கு எழுந்து பேசினாரு. பாரிஸ் கம்யூனை, அதாவது பாரிஸ்ல தொழிலாளிங்க புடிச்சு நடத்தின ஆட்சியைத் தெருவுல சுட்டுத் தள்ளிக்கிட்டு இருந்த வாரம் அது. பாரிஸ்ல நடக்கறது ஒரு சின்ன முன்னோட்டச் சண்டைதான், ஐரோப்பாவுல பெரிசு இனிமேதான் வரும், அரண்மனைகளுக்குப் போர், குடிசைகளுக்கு அமைதிங்கிறது ஒருநாள் ஐரோப்பா பூரா இருக்குற தொழிலாளி வர்க்கத்தோட முழக்கமா ஆகும்னாரு. சபையில சிரிச்சாங்க. பிஸ்மார்க் சிரிக்கல. ஏழு வருஷம் கழிச்சு அதே சபையில, இவங்க அரசுக்கு எதிரின்னு தனக்குப் புரிஞ்சதே அந்தப் பேச்சைக் கேட்டதுலேர்ந்துதான்னு வெளிப்படையாவே சொன்னாரு.

1872 மார்ச்ல லைப்சிக்ல தேசத்துரோக வழக்கு. இது ஒரு தமாஷான வழக்கு. அரசாங்கத் தரப்பு இவங்க எவ்வளவு ஆபத்தானவங்கன்னு நிரூபிக்கறேன்னு கிடைச்ச பேப்பரையெல்லாம் கோர்ட்ல படிச்சாங்க, அதுல மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதின கம்யூனிஸ்ட் அறிக்கையும் ஒண்ணு. கோர்ட்ல படிச்சது நீதிமன்ற ஆவணம் ஆயிடுச்சில்ல, ஆவணத்தை அச்சடிக்கறதைத் தடுக்க முடியாது, அதனால ஜெர்மனியில ரொம்ப காலமா யார் கைக்கும் கிடைக்காம இருந்த அந்த அறிக்கை சட்டப்படியே அச்சாகி வெளிய வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ரெண்டு வருஷம் கோட்டைச் சிறை. மன்னரை அவமதிச்சாருன்னு இன்னொரு வழக்குல பெபெலுக்கு மட்டும் கூட 9 மாசம், எம்பி பதவியும் போச்சு. 1873 ஜனவரில இடைத்தேர்தல், அதே தொகுதி நெசவாளிங்க முன்னைவிட அதிக ஓட்டுல அவரையே அனுப்பினாங்க.

சிறையை அவரு பள்ளிக்கூடமா மாத்திக்கிட்டாருன்னு எல்லாத் தலைவர்களைப் பத்தியும் சொல்வாங்க, பெபெல் விஷயத்துல அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஹூபர்ட்டஸ்புர்க்னு ஒரு பழைய வேட்டை மாளிகை, அதுலதான் அடைச்சாங்க, லீப்க்னெக்ட்டும் கூடவே. லீப்க்னெக்ட் படிச்சவரு, அவருதான் வாத்தியார். பட்டறை, கூட்டம், ரயில் பயணம்னு ஓடி ஓடி உடம்பு கெட்டிருந்துச்சு, உள்ள கிடைச்ச ஓய்வு உடம்புக்கு நல்லதாப் போச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. வாழ்நாள்ல மொத்தமா அஞ்சு வருஷத்துக்குக் கிட்ட சிறையில கழிச்சாரு, அவரோட படிப்பு பூரா அங்கதான்.

1875ல கோத்தா மாநாடு, லஸ்ஸால் கட்சியும் இவங்க கட்சியும் ஒண்ணாச்சு. அந்த வேலைத்திட்டத்தை மார்க்ஸ் கிழிகிழின்னு கிழிச்சு ஒரு விமர்சனம் எழுதினாரு, பிரபலமான ஒண்ணு. அது பெபெல் கண்ணுல படவிடாம வச்சுட்டாங்க. அந்த மாநாட்டுலயே ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஓட்டுரிமைன்னு வெளிப்படையா எழுதணும்னு பெபெல் திருத்தம் கொண்டுவந்தாரு, சொந்தக் கட்சிக்காரங்களே தோக்கடிச்சுட்டாங்க. பொம்பளைங்க ஃபேக்டரிக்கு வந்தா நம்ம கூலி குறையும்ங்கிற நினைப்புதான் அப்ப தொழிலாளர்கள்ல பல பேருக்கு. அது கட்சி வேலைத்திட்டத்துல தெளிவா ஏற 1891 எர்ஃபுர்ட் மாநாடு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

இப்ப தொழில் கதைக்கு வர்றேன். 1876ல இஸ்லைப்னு ஒரு பங்காளியோட சேர்ந்து பட்டறையைச் சின்ன நீராவி ஃபேக்டரியா ஆக்கினாரு. தயாரிப்பைப் பங்காளி பாத்துக்கிட்டாரு, இவரு சேல்ஸ். சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய்க் கடைக்காரங்ககிட்ட ஆர்டர் எடுக்கற வேலை. 1878ல என்னாச்சு, மே 11ல ஒருத்தன், ஜூன் 2ல இன்னொருத்தன், கிழட்டுச் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்மைச் சுட்டாங்க. ரெண்டாவது தடவை நல்லாவே காயம். சுட்டவங்களுக்கும் கட்சிக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா பிஸ்மார்க் எதிர்பார்த்துக் காத்திருந்த சாக்கு கிடைச்சுருச்சு. அக்டோபர்ல சோசலிஸ்ட் எதிர்ப்புச் சட்டம். கட்சி, சங்கம், பேப்பர், கூட்டம் எல்லாத்துக்கும் தடை. நகரங்கள்ல முற்றுகை நிலைன்னு அறிவிச்சு ஆட்களை ஊரை விட்டே துரத்தினாங்க, பன்னிரண்டு வருஷத்துல சுமார் 900 பேர். 1881ல பெபெலையும் லீப்க்னெக்ட்டையும் லைப்சிக்லேர்ந்து துரத்தினாங்க, குடும்பம் ஒரு ஊர்ல, இவரு ஒரு ஊர்ல.

சட்டத்துல ஒரே ஒரு ஓட்டை. தேர்தல்ல தனி மனுஷனா நிக்கறதைத் தடுக்கல, சபையில பேசறதைத் தடுக்கல. கட்சியே சட்டப்படி இல்ல, ஆனா எம்பி இருக்காரு. வெளிய பேசினா ஜெயில், உள்ள பேசினா அரசாங்கமே சுருக்கெழுத்துல எழுதி அச்சடிச்சுக் குடுக்கும். பாட்டுச் சங்கம், உடற்பயிற்சிச் சங்கம், சுருட்டுக் குடிக்கற கிளப்புன்னு வேஷத்துல தொழிலாளிங்க கூடினாங்க, தோழர் யாராவது செத்தா சவ ஊர்வலமே அரசியல் ஊர்வலம் ஆச்சு. கட்சிப் பேப்பர் சூரிக்ல அச்சாச்சு, எல்லை தாண்டிக் கடத்தி வந்துச்சு, அதை நடத்தின யூலியுஸ் மோட்டெலரைச் சிவப்புப் போஸ்ட்மாஸ்டர்னே கூப்பிட்டாங்க. மாநாட்டை சுவிஸ்ல ஒரு இடிஞ்ச கோட்டையில, பிறகு கோபன்ஹேகன்ல, பிறகு மறுபடி சுவிஸ்லன்னு நடத்தினாங்க. இது எல்லாத்துக்கும் நடுவுல கொம்புக் கைப்பிடி சாம்பிளோட ஒரு சேல்ஸ்மேன் ரயில்ல போய்க்கிட்டே இருக்காரு. போலீஸ் பின்னாடியே போகும், ஆனா வியாபாரத்துக்குப் போறவனை என்ன சொல்லி நிறுத்துவ. பகல்ல கடைக்காரன்கிட்ட ஆர்டர், ராத்திரி யாரோ ஒரு தோழர் வீட்டுல பத்துப் பேர் கூட்டம். அரசு தடை பண்ணின கட்சியோட நரம்பு மண்டலம் அந்த மனுஷனோட பயணப் பாதைதான். மார்க்ஸ் எழுதினாரு, எங்கெல்ஸ் கடிதம் போட்டாரு, சரி, ஆனா இன்னின்ன ஊர்ல இன்னின்ன ஆளு நம்பகமானவன், இவ்வளவு பணம் வந்துச்சு, இவ்வளவு குடும்பத்துக்கு உதவி போகணும்னு கணக்கு வச்சிருந்தது இவருதான்.

ரிசல்ட் என்னன்னு பாருங்க. 1878ல 4 லட்சத்து 37 ஆயிரம் ஓட்டு, 1881ல அது 3 லட்சத்து 12 ஆயிரமா இறங்குச்சு, பெபெலே தோத்துட்டாரு, 1883ல ஹாம்பர்க் இடைத்தேர்தல்லதான் திரும்ப வந்தாரு. 1884ல 5 லட்சத்து 50 ஆயிரம், 1887ல 7 லட்சத்து 63 ஆயிரம், 1890 பிப்ரவரில 14 லட்சத்து 27 ஆயிரம். நாட்டுலயே அதிக ஓட்டு வாங்கின கட்சி. அடுத்த மாசம் பிஸ்மார்க் வீட்டுக்குப் போனாரு, செப்டம்பர்ல சட்டம் காலாவதி. இடையில பிஸ்மார்க் நோய்க் காப்பீடு, விபத்துக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம்னு 1883லேர்ந்து 1889க்குள்ள குடுத்தும் பாத்தாரு, சாட்டை ஒரு கை, வெல்லக்கட்டி ஒரு கை. பெபெல் ஆளுங்க அதுக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டாங்க. இது பத்தாதுங்கிற அவங்க வாதம் எனக்குப் புரியுது, ஆனாலும் அது தப்புக் கணக்குன்னுதான் நான் நினைக்கறேன், ஏன்னா அந்தத் திட்டத்தை வச்சு வாழ்ந்தது இவங்களுக்கு ஓட்டுப் போட்டவங்கதான்.

"பெண்ணும் சோசலிசமும்" வந்தது இந்தத் தடைக்காலத் தொடக்கத்துலதான், 1879ல. லைப்சிக்ல திருட்டுத்தனமா அச்சடிச்சு அட்டையில சூரிக்னு போட்டாங்க. இரண்டாம் பதிப்புக்குப் போலீஸை ஏமாத்த வேற தலைப்பு, "பெண், இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும்". அடிமைங்கற ஒருத்தன் உலகத்துல வர்றதுக்கு முன்னாடியே பெண் அடிமையாயிட்டாங்கிறதுதான் தொடக்கமே. வாதம் சுலபமானது, பெண்ணுக்கு ரெண்டு நுகத்தடி, தொழிலாளியா முதலாளிகிட்ட ஒண்ணு, பெண்ணா ஆம்பிளைகிட்ட ஒண்ணு. முதல் நுகம் போனா ரெண்டாவது தானா விழும்னு அவரு முழுசா நம்பினாரு, அங்கதான் இன்னிக்குப் படிக்கறவங்களுக்கு இடிக்கும். கடைசிப் பகுதியில வருங்கால சமுதாயத்துல பொதுச் சமையலறை, மின்சாரம், எல்லா வீட்டுக்கும் ஒரே இடத்துலேர்ந்து வெந்நீர்னு எல்லாம் எழுதுவாரு, அதைப் பாத்து நிறைய பேர் சிரிச்சாங்க. எனக்கு அது ஒரு தொழிலாளி எழுதினதுங்கிறதுக்கு அடையாளமா படுது, அடுப்படியில நிக்கறவ படற பாட்டை அவரு பாத்திருக்காரு, படிச்ச தத்துவக்காரங்க யாரும் பாக்கல. அவரு உயிரோட இருக்கும்போதே 50ஆவது பதிப்பு வந்துச்சு. ஜெர்மன் தொழிலாளர் நூலகங்கள்ல "மூலதனம்" அலமாரியில தூசி படிஞ்சு இருக்கும், இது கைக்குக் கை போய்க்கிட்டே இருக்கும். கிளாரா ஜெட்கின் மாதிரியானவங்க தலைமையில வந்த பெண்கள் இயக்கத்துக்கு அடிப்படைப் பாடம் இதுதான். பிரஷ்யாவுல பெண்கள் அரசியல் சங்கத்துல சேரவே 1908 வரைக்கும் சட்டம் விடல, அந்த நிலையில.

1890க்கு அப்புறம் பெர்லினுக்குக் குடிபோனாரு, 1892லேர்ந்து பவுல் சிங்கரோட சேர்ந்து கட்சித் தலைவர். இந்தக் காலத்துல சபையில அவரு பேசினதுல சிலதைச் சொல்லியே ஆகணும். 1894ல கேமரூன்ல ஜெர்மன் அதிகாரி ஒருத்தர் பெண்களை அடிக்க வச்ச கொடுமை வெளிய வந்தப்ப, நீர்யானைத் தோல் சாட்டையைக் கையிலயே கொண்டுவந்து சபையில காட்டினாரு. 1896ல கிழக்கு ஆப்பிரிக்காவுல கார்ல் பீட்டர்ஸ் தன் வேலைக்காரனையும் தன்கூட வச்சிருந்த பெண்ணையும் தூக்குல போட்ட கதையை எடுத்தாரு. அதுல அவரு ஆதாரமாச் சொன்ன ஒரு கடிதம் நிக்கல, அது அவருக்குச் சறுக்கல், ஆனா தூக்குல போட்டது நிஜம், பீட்டர்ஸ் அடுத்த வருஷம் பதவியிழந்தாரு. 1898 ஜனவரில ஆண்கள் இடையிலான உறவைக் குற்றமாக்கின 175ஆவது பிரிவை நீக்கச் சொல்லிப் பேசினாரு, உலகத்துல எந்த நாடாளுமன்றத்துலயும் அதுக்கு முன்னாடி அப்படி ஒருத்தர் பேசினதா நான் படிச்சதில்ல. அதே மனுஷன் தன் புத்தகத்துல அந்த உறவை இயற்கைக்கு விரோதம்னும் எழுதியிருக்காரு. ரெண்டும் அவருதான்.

காலனி விஷயத்துலயும் இதே மாதிரிதான். 1904ல தென்மேற்கு ஆப்பிரிக்காவுல ஹெரெரோ மக்கள் எழுந்தப்ப முதல் நிதி ஒதுக்கீட்டுக்கு எதிர்த்து ஓட்டுப் போடாம ஒதுங்கினாரு, பிறகு ஜெனரல் ட்ரோத்தாவோட படுகொலை தெரிய வந்ததும் காட்டுமிராண்டித்தனம்னு கிழிச்சாரு. ஆனா 1906 டிசம்பர்ல, காலனி வச்சுக்கறதே குற்றம் இல்ல, எப்படி நடத்தறோம்ங்கிறதுதான் கேள்வின்னும் பேசினாரு. நம்மள மாதிரி ஆளப்பட்ட பக்கத்துலேர்ந்து படிக்கறவங்களுக்கு இது உறுத்தும், உறுத்தணும்.

கட்சிக்குள்ளயே பெர்ன்ஸ்டைன்னு ஒருத்தர், புரட்சி எல்லாம் வேண்டாம், சீர்திருத்தமே போதும்னு எழுத ஆரம்பிச்சதும் பெபெல் அவரை விடல, 1903 டிரெஸ்டன் மாநாட்டுல, நான் இந்த முதலாளிச் சமுதாயத்தோட பரம எதிரியாவே இருப்பேன்னு முழங்கினாரு. முழங்கினதோட சரி. பெர்ன்ஸ்டைனை வெளிய தள்ளவும் இல்ல, இன்னொரு பக்கம் கட்சியோட இடதுசாரி ரோசா லக்ஸம்பர்க் வேலைநிறுத்தம் வேலைநிறுத்தம்னு தள்ளினப்ப அங்கேயும் போகல, 1906 மான்ஹைம்ல தொழிற்சங்கத் தலைவர்களோட ஒரு ஒப்பந்தம் போட்டு, அவங்க சம்மதம் இல்லாம பொது வேலைநிறுத்தம் கிடையாதுன்னு முடிச்சுட்டாரு. காரணம் அந்தத் தொழில்காரப் புத்திதான்னு நினைக்கறேன். முப்பது வருஷம் கையால கடைஞ்சு எடுத்த பொருள், அதை ஒரே நாள்ல பணயம் வைக்க மனசு வரல. முதலாளித்துவம் தானாவே ஒருநாள் பெரிசா இடிஞ்சு விழும், அதுவரைக்கும் நம்ம வீட்டைப் பத்திரமா வச்சிருப்போம்ங்கிறது அவரு கணக்கு. 1912ல 42 லட்சத்துக்கு மேல ஓட்டு, 110 எம்பி, சபையிலயே பெரிய கட்சி. ஆட்சி மட்டும் சக்கரவர்த்தி கையில. தொழிலாளிங்க பெபெலையே சக்கரவர்த்தின்னு கூப்பிட்டாங்க.

இப்ப 1914 கேள்வி. 1911 நவம்பர் 9, மொராக்கோ நெருக்கடி விவாதம், 71 வயசுல எழுந்து பேசினாரு. ரெண்டு பக்கமும் ஆயுதத்தைச் சேர்த்துக்கிட்டே போவீங்க, ஒருநாள் ஒரு பக்கம் முடிவில்லாத பயங்கரத்தைவிட பயங்கரமான முடிவே மேல்னு சொல்லும், அப்ப ஐரோப்பாவுல 160லேர்ந்து 180 லட்சம் இளைஞர்கள் நல்ல நல்ல கொலை ஆயுதத்தோட ஒருத்தர் மேல ஒருத்தர் பாய்வாங்க, அதுக்குப் பின்னாடி திவாலும் பட்டினியும் வரும்னாரு. சபையில சிரிப்பு. ஒவ்வொரு போருக்கு அப்புறமும் எல்லாம் நல்லாத்தான் ஆகுதுன்னு ஒருத்தர் குரல் குடுத்தாரு. சரியா ஏழு வருஷம் கழிச்சு அதே நவம்பர் 9ல, 1918ல, அந்தச் சாம்ராஜ்யமே கவுந்துச்சு.

இன்னொண்ணும் அவரு ரகசியமாப் பண்ணிக்கிட்டு இருந்தாரு. சூரிக்ல பிரிட்டிஷ் துணைத்தூதரா (கான்சல்) இருந்த ஹைன்ரிஷ் ஆங்ஸ்ட் மூலமா 1910லேர்ந்து லண்டனுக்குத் தகவல் அனுப்பினாரு, ஜெர்மன் கப்பல்படை உங்களுக்கு எதிராத்தான், நீங்க விட்டுக்குடுக்காம இருந்தாதான் பெர்லின்காரங்க அடங்குவாங்கன்னு. இந்தக் கடிதங்கள் வெளிய அச்சானது 1970கள்லதான். உயிரோட இருக்கும்போது தெரிஞ்சிருந்தா சொந்தக் கட்சியே தாங்கியிருக்காது.

அப்படின்னா 1914ல எதிர்த்திருப்பாரா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல. இதே பெபெல் 1907ல எஸ்ஸன் கட்சி மாநாட்டுல, ரஷ்யாவோட போர் வந்தா இந்தக் கிழவனும் துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போவேன்னு பேசினவரு. ஜார் ஆட்சிமேல அந்தத் தலைமுறைக்கு இருந்த வெறுப்பு அப்படி. 1914 ஆகஸ்ட்ல அரசாங்கம் கட்சிக்கு என்ன சொல்லி வித்துச்சு, ரஷ்யா பாயுதுன்னுதான். ஆகஸ்ட் 3 கட்சி எம்பிக்கள் கூட்டத்துல 78 பேர் நிதிக்கு ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு, மறுநாள் சபையில எல்லாரும் ஒண்ணா ஆதரவு. ஆதரிச்சவங்க நியாயம் சொல்ல எடுத்துக்கிட்டதுல பெபெலோட அந்தத் துப்பாக்கிப் பேச்சும் ஒண்ணு. எதிர்ப்பக்கம் நின்னவங்க எடுத்துக்கிட்டது 1870 பெபெலை. டிசம்பர்ல தனியாளா எதிர்த்து ஓட்டுப் போட்டது யாரு, பழைய தோழர் லீப்க்னெக்ட்டோட மகன் கார்ல். அந்தப் பையன் ராணுவ எதிர்ப்புப் பிரச்சாரம் தீவிரமாப் பண்ணணும்னு சொன்னப்ப வேண்டாம்னு தடுத்த பெரியவர்கள்ல பெபெலும் இருந்தாரு. அரசு என்ன ஆவணத்தை மறைச்சு ஏமாத்துதுன்னு மோப்பம் பிடிக்கற மூக்கு அவருக்கு, 1914ல கட்சித் தலைவர்களா இருந்த எபெர்ட்டைவிட, ஹாஸைவிட அதிகம், அது நிஜம், ஒருவேளை அந்த மூக்கு காப்பாத்தியிருக்கலாம். ஆனா கட்சியை அரசு மறுபடி தடை பண்ணி, முப்பது வருஷ உழைப்பை ஒரே ராத்திரில எடுத்துக்கும்னு பயம் வந்தா, அதைப் பணயம் வைக்கற ஆளா அவரு கடைசிப் பத்து வருஷத்துல இல்ல.

யூலி 1910 நவம்பர்ல போனாங்க, மருமகன் 1912ல போனாரு, இவருக்கு இதயம் தளர்ந்து போச்சு. 1913 ஆகஸ்ட் 13, சுவிட்சர்லாந்துல பாசுக்ங்கிற மலை ஊர்ல சிகிச்சைக்குப் போன இடத்துல இறந்தாரு. சூரிக் சில்ஃபெல்ட் இடுகாட்டுல யூலிக்குப் பக்கத்துல. அடுத்த மாசமே கட்சித் தலைமைக்கு ஃப்ரீட்ரிஷ் எபெர்ட் வந்தாரு, அவரும் கைத்தொழில்காரர்தான், குதிரைச் சேணம் தைக்கறவரு.

பெபெலைப் படிக்கணும்னு கேட்டவங்களுக்கு, நேரா "பெண்ணும் சோசலிசமும்" எடுக்காதீங்க, "என் வாழ்க்கையிலிருந்து"ன்னு அவரு எழுதின தன்வரலாற்றோட முதல் பாகத்துலேர்ந்து ஆரம்பிங்க, ஊர் ஊரா நடந்து போன கதை அதுலதான் இருக்கு. மூணாவது பாகம் அவரு செத்ததுக்கு அப்புறம் கட்சியோட கோட்பாட்டாளர் காவுட்ஸ்கி பதிப்பிச்சது, 1880களோட தொடக்கத்துலயே நின்னு போயிருக்கும். அதுக்கு மேல எழுத அவருக்கு நேரம் கிடைக்கல.